சுவருக்கும் மூச்சு வேண்டும்

பட்டினப்பாக்கத்தில் இருந்தவரை நான் எல்லோருக்கும் "ஆன்ட்டி". காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் என் புகுந்த ஊருக்குக் குடி வந்த மறுநாளே "ஆச்சி" ஆகிவிட்டேன்! முப்பத்து மூன்று வயசில் ஆச்சியா என்று முகம் சுளித்தேன். "தாலி ஏறிட்டா இங்கே ஆச்சிதான், பழகிக்கோ" என்று சிரித்தார் அப்பத்தா. என் கணவருக்கு அப்பாவைப் பெற்ற பாட்டி அவர்.

சென்ற இதழில் எங்கள் அடுப்படியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பழைய வீட்டைப் பழுது பார்க்கும்போது கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது?" சகோதரி, நான் சமாளித்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். முதலில் சறுக்கி விழுந்தேன். அந்தக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

2022 மே மாதம் அப்பத்தா முற்றத்தில் வழுக்கி விழுந்தார். எண்பத்து நாலு வயசு. எவ்வளவு கெஞ்சியும் சென்னைக்கு வர மறுத்துவிட்டார். என் கணவர் செய்யும் கணக்கு வேலையை எங்கிருந்தும் செய்யலாம். ஆறு வயசுப் பையனை அழைத்துக்கொண்டு மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டோம். பையனுக்குச் சென்னையிலேயே அவ்வப்போது மூச்சிரைப்பு உண்டு. "ஒரு வருஷம் பார்க்கலாம். இவனுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பிவிட வேண்டும்" என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

செட்டிநாட்டு வீடு என்றதும் சினிமாவில் பார்த்த அரண்மனையை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்களுடையது சின்ன வீடுதான். முகப்பு, நடுவில் முற்றம் வைத்த வளவு, இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. என் கணவரின் கொள்ளுத் தாத்தா பர்மாவில் சம்பாதித்துக் கட்டியது. 1942-ல் ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்ததும் அந்த வருமானம் போயிற்று. அதன் பிறகு யாரும் பெரிதாகக் கை வைக்கவில்லை. இப்படிப் பூட்டிக் கிடந்த எத்தனையோ வீடுகளின் தேக்குத் தூணும் கதவும் கழற்றி விற்கப்பட்டுவிட்டன. எங்கள் வீடு தப்பியது அப்பத்தா அங்கேயே இருந்ததால்தான்.

நாங்கள் படுப்பதற்கு ஒதுக்கிய அறையில் சுவர் அடிப்பக்கம் உதிர்ந்து கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் சிமெண்ட் ஒன்றுதான். கடல் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதும், கூரைக்காரை பெயர்ந்து விழுவதும், ஆள் கூப்பிட்டு சிமெண்ட் பூசுவதும் பட்டினப்பாக்கத்தில் வருஷா வருஷம் நடப்பதாயிற்றே! அதேபோல இங்கேயும் பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே கனமாக சிமெண்ட் பூசச் சொன்னேன். மேலே பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்ட். அப்பத்தா மட்டும், "இது இந்தச் சுவருக்குச் சேருமா?" என்று முணுமுணுத்தார். நான் காதில் வாங்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பத்தே நாளில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிற்று. கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம். பையனுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு இருமல் தொடங்கும். விடியும்வரை நெஞ்சு விசில் அடிக்கும். ஒருநாள் பேசக்கூட முடியாமல் அவன் உட்கார்ந்து திணறியபோது, மழையோடு மழையாகக் காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் மருந்தை உள்ளே இழுக்கும் பம்பு கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பையன் எங்கே படுக்கிறான்?" நான் சொன்னதும், "முதலில் அறையை மாற்றுங்கள். ஈரச் சுவரும் பூசணமும் இவனுக்கு ஆகாது" என்றார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டேன். அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்து மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு மனசு வரவில்லை. "பொங்கல் வரைக்கும் பார்க்கலாம்" என்று பையனை முகப்பு அறைக்கு மாற்றினேன்.

தை பிறந்ததும், ஓடு மாற்ற வந்த ஒரு வயசான சித்தாளம்மா அந்தச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள். டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம். "ஆச்சி, சிமெண்ட்டு சுவரை விட்டு விலகி நிக்குது. உள்ளே போன தண்ணிக்கு வெளியே வர வழியில்லை. சுவருக்கு மூச்சு முட்டுது. அதான் புள்ளைக்கும் முட்டுது" என்றாள்.

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்துச் செங்கலும் சுண்ணாம்பும் ஈரத்தைக் கொஞ்சம் குடிக்கும், வெயில் அடித்தால் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட்டும் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கிப் போகும். அதோடு சுவரில் உள்ள உப்பும் பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். அது மட்டுமல்ல, முற்றத்து மழைநீரை வடிக்கும் தகரக் குழாயில் ஓட்டை. சுவருக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது! அதைப் பார்க்காமல் எதைப் பூசினாலும் வீண்தானே?

என் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. முதலில் குழாயை மாற்றினோம். பிறகு சிமெண்ட்டை உளியால் மெதுவாகக் கொத்தி எடுத்து, சுவரைப் பல வாரம் காய விட்டோம். சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, ஊற வைத்து, சலித்த மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்துப் பூசினார்கள். முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடி மாதிரி இழைக்கிற பூச்சு நம் பர்சுக்குக் கட்டாது. சாதாரணப் பூச்சே போதும் என்றுவிட்டேன். சுண்ணாம்பு காற்றைக் குடித்துக் குடித்து மெல்லத்தான் இறுகும். ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தோம். கடைசியில் வெறும் வெள்ளையடிப்பு.

இனி, வாசகி கேட்ட கேள்விக்கு வருகிறேன். பட்டபின் தெரிந்துகொண்டவை இவை:

1. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை முதலில் அடையுங்கள். பூச்சு பிறகு.

2. சுண்ணாம்பு நீற்றும்போது தண்ணீர் கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், உடனே நல்ல தண்ணீரை இருபது நிமிஷமாவது விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

3. பழைய கதவு, ஜன்னலில் உள்ள எண்ணெய் பெயிண்ட்டை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. 2017 நவம்பர் முதல்தான் நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்று சட்டம் அமலானது. அதற்கு முந்தைய பெயிண்ட் எதையும் சந்தேகத்தோடு பாருங்கள். நனைத்துச் சுரண்டச் சொல்லி, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அந்தச் சமயம் பிள்ளைகள் வேறு வீட்டில் இருப்பது உத்தமம்.

4. செங்கல், ஓட்டுக் குவியலில் குழந்தைகள் கை விடக் கூடாது. தேளும் பாம்பும் குடியிருக்கும். கடித்துவிட்டால் மந்திரம், பச்சிலை என்று நேரத்தைப் போக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

5. சுவர் சரியானதும் மூச்சிரைப்பு மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. சுவர் சுவர்தான்; மருந்து மருந்துதான்.

பையன் அடுத்த ஐப்பசியில் அந்த அறைக்குத் திரும்பினான். மழை பெய்த முதல் நாள் ராத்திரி நான் தூங்கவே இல்லை. அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி ஆயிற்று, மூன்றும் ஆயிற்று. விசில் சத்தம் இல்லை. எப்போது கண்ணயர்ந்தேனோ, தெரியாது. விடிந்து பார்த்தால் அப்பத்தா தடியை ஊன்றிக்கொண்டு வாசற்படியில் நிற்கிறார். சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சில்லுன்னு இருக்கு. ஆனா ஈரமில்லை" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பெட்டியைப் பரண்ல போடலாமா, ஆத்தா?" என்று கேட்டார்.

போட்டுவிட்டேன்.

பையனுக்குச் சளி பிடித்தால் இன்னும் சில நாள் பம்பு வேண்டியிருக்கிறது. கடல் சத்தத்துக்கு என் காது இன்னும் ஏங்குகிறது. ஆனால் அந்தச் சித்தாளம்மா வந்தால் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் இல்லாமல் அனுப்புவதில்லை. என் பணியாரம் இப்போதுதான் வட்டமாக வருகிறது!

அடுத்த இதழில் ஆத்தங்குடிக் கல் பதித்த கதையோடு வருகிறேன்.