விலை தழும்புக்கா, நரம்புக்கா?

சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு இடுப்பு வலி ஒன்றும் புதுசு இல்லை. அது கால் வரை இறங்கி, நடக்கவே முடியாமல் போகும்போதுதான் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி சேலத்துக்கு வருவார்கள். இப்படிப்பட்டவர்களிடம் விளம்பரங்கள் சொல்வது ஒன்றுதான்: சின்னத் துளை போதும், பெரிய வெட்டு வேண்டாம்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காசு எதற்குப் போகிறது?

பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தை எடுப்பதுதான் ஆபரேஷன். திறந்த முறையில் தசையை எலும்பிலிருந்து விலக்குகிறார்கள். நுண்துளை முறையில் தசை நார்களுக்கு நடுவே குழாயை நுழைக்கிறார்கள். வழிதான் வேறு, வேலை ஒன்றே. அதோடு, 1970களிலேயே மைக்ரோஸ்கோப் வந்துவிட்டதால் டிஸ்க்குக்கான திறந்த முறையிலும் வெட்டு சில சென்டிமீட்டர்தான். முதுகையே பிளப்பார்கள் என்பது சும்மா பயமுறுத்தல்.

சரி, பலன்? நெதர்லாந்தில் 328 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2009ல் வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், குழாய் முறைக்காரர்களுக்குக் கால் வலியும் முதுகு வலியும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தன. 2014ல் காக்ரேன் அமைப்பு 11 ஆய்வுகளை அலசியது: வலியில் வித்தியாசம் சிறியது, நுண்துளையில் தொற்று குறைவாக இருக்கலாம். 2022ல் 613 பேரிடம் நடந்த இன்னொரு டச்சு ஆய்வில், எண்டோஸ்கோபி முறை கால் வலியைக் குறைப்பதில் திறந்த முறைக்குச் சளைக்கவில்லை.

ஆக, நுண்துளை ஏமாற்று வேலை இல்லை. அதிசயமும் இல்லை. தினக்கூலிக்காரருக்குச் சீக்கிரம் எழுந்து நடப்பது பெரிய விஷயம், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எத்தனை நாள் மிச்சமாகும், அதற்கு எவ்வளவு கூடுதல் பணம் என்று கணக்குச் சொல்லாமல் தழும்பின் அளவைக் காட்டி விற்பது, சரக்கை மறைத்து டப்பாவைக் காட்டும் வியாபாரம்!

இதைவிடப் பெரிய விஷயத்தை விளம்பரம் சொல்வதே இல்லை. டிஸ்க்கால் வரும் கால் வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் ஆபரேஷன் இல்லாமலே தணியும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலவீனம் கூடினாலோ மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மற்றபடி, மலையிலிருந்து இறங்கி வருகிறவர் முதலில் கேட்க வேண்டியது "எந்த ஆபரேஷன்?" என்றல்ல, "ஆபரேஷன் வேண்டுமா?" என்றுதான். பதில் சந்தேகமாக இருந்தால், கடன் வாங்கும் முன் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் ஒரு முறை காட்டிவிடட்டும். தழும்பைச் சட்டை மறைத்துவிடும். வட்டியை எது மறைக்கும்?