ஒரே கேள்விக்கு இரண்டு விடை... எதை நம்பிக் குத்தகை பேசுவது?

‘‘கல்லூரியில் படிக்கும் என் மகன், ‘விவசாயக் குடும்பத்தின் மாத வருமானம் எவ்வளவு?’ என்று செல்போனில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டான். முதலில் 10,218 ரூபாய் என்றது. மறுநாள் 8,337 ரூபாய் என்றது. அரசுப் புள்ளிவிவரங்களை நேரடியாக எடுத்துக்கொடுக்க மத்திய அரசே ஒரு கருவி விட்டிருக்கிறது என்கிறான். அதை நம்பிப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்குப் பிடிக்கலாமா?’’
- வாசகர், பாகூர், புதுச்சேரி.

இரண்டு எண்களுமே சரியானவைதான். தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த ஒரே கணக்கெடுப்பில் இரண்டும் இருக்கின்றன. 2018 ஜூலை முதல் 2019 ஜூன் வரையிலான வேளாண் ஆண்டுக்கு, இந்தியக் கிராமங்களில் உள்ள விவசாயக் குடும்பங்களின் சராசரி அது. கையிலிருந்து கொடுத்த செலவை மட்டும் கழித்தால் 10,218 ரூபாய். சொந்த விதை, வீட்டு எரு, குடும்பத்தார் உழைப்பு இவற்றுக்கும் விலை போட்டுக் கழித்தால் 8,337 ரூபாய். மாடு வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கால்நடை வருமானம் முதல் கணக்கில் 1,582 ரூபாய். இரண்டாவது கணக்கில் வெறும் 441 ரூபாய். வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் எழுந்து செய்யும் வேலைக்குக் கூலி போட்டால் நிலவரம் அப்படித்தான் இருக்கும்.

செயலி எண்ணைச் சொன்னது; எந்தச் செலவைக் கழித்த எண் என்பதைச் சொல்லவில்லை. வில்லங்கம் அங்கேதான்.

குழிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. புதுச்சேரியில் ஒரு குழி 576 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கம் 144 சதுர அடி. ‘குழிக்கு இவ்வளவு’ என்று மட்டும் பேசி முடித்தால், நான்கு மடங்கு வித்தியாசத்தில் ஒருவர் ஏமாந்து நிற்பார். எந்த ஊர்க் குழி என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது கணக்கு. புள்ளிவிவரத்துக்கும் அதேபோலக் கூடவே ஒரு விளக்கக் குறிப்பு வேண்டும்.

மகன் சொல்லும் கருவி உண்மைதான். மத்தியப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம், 2024 ஜூன் 29 புள்ளியியல் தினத்தன்று ‘இ-சாங்க்யிகி’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அதிலுள்ள விவரங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தாங்களே எடுத்துக்கொள்ளும் வசதி, சோதனை வடிவில் 2026 பிப்ரவரியில் வந்தது. நுகர்வோர் விலைக் குறியீடு, மொத்த விலைக் குறியீடு, தொழிலாளர் கணக்கெடுப்பு, தேசியக் கணக்குகள் போன்றவை அதில் உள்ளன. எங்கோ படித்த பழைய செய்தியை நினைவில் வைத்துப் பதில் சொல்வதற்குப் பதிலாக, செயலி நேரே அரசின் பதிவேட்டைப் புரட்டுகிறது. அந்த வகையில் இது நல்ல முன்னேற்றம்.

பதிவேட்டைப் புரட்டுவதற்கும் முறை உண்டு. என்னென்ன கணக்கெடுப்புகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் எதை அளந்திருக்கிறார்கள், எந்த ஆண்டு, எந்த மாநிலம், என்ன அலகு என்பதை வரிசையாகப் பார்த்த பிறகே செயலி எண்ணை எடுக்க வேண்டும். இடையில் உள்ள விளக்கக் குறிப்பைத் தாண்டிக் குதித்தால் விடை தடம் மாறும். ஓர் உதாரணம்: நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு 2012 அடிப்படை ஆண்டாக இருந்தது. 2026 பிப்ரவரியில் வெளியான புதிய வரிசைக்கு 2024 அடிப்படை. பழைய வரிசையில் 200-ஐ நெருங்கியிருந்த எண், புதிய வரிசையில் 100-ஐ ஒட்டி நிற்கிறது. குறிப்பைப் படிக்காத இயந்திரம், ‘விலைவாசி பாதியாகக் குறைந்துவிட்டது’ என்று கூசாமல் சொல்லக்கூடும்.

வருமானக் கணக்கிலும் இதே சங்கதி உண்டு. 2012-13 கணக்கெடுப்பில் மாத வருமானம் 6,426 ரூபாய். அதையும் 10,218-ஐயும் பக்கத்தில் வைத்து, ‘ஆறு ஆண்டுகளில் இவ்வளவு உயர்வு’ என்று பேசுகிறார்கள். முந்தைய கணக்கெடுப்பில், ஆண்டுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் விளைபொருள் எடுத்தால் விவசாயக் குடும்பம். பிந்தையதில் அந்த வரம்பு 4,000 ரூபாய். இடையில் ஏறிய விலைவாசியையும் கழிக்கவில்லை.

இன்னொன்று, ‘புதுச்சேரி’ என்று கேட்டு வாங்கும் எண்ணும் பாகூரின் எண் ஆகாது. கேரளத்தை ஒட்டிய மாஹேவும், ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமும், காரைக்காலும் சேர்ந்ததுதான் புதுச்சேரி யூனியன் பிரதேசம். பாகூர் ஏரிப் பாசனத்து நெல் வயலுக்கும் மாஹேவுக்கும் என்ன பொருத்தம்?

விலைக் குறியீடும் குத்தகைக்கு உதவாது. நுகர்வோர் குறியீடு கடையில் வாங்குபவர் கொடுக்கும் விலையைப் பார்க்கிறது. களத்துமேட்டில் விவசாயி வாங்கும் விலையை அல்ல. அதற்குத் தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் விலையையோ, மத்திய அரசின் ‘அக்மார்க்நெட்’ தளத்தில் வரும் சந்தை விலையையோ பார்க்க வேண்டும். நெல்லுக்கு 2025-26 காரீப் பருவத்தில் குறைந்தபட்ச ஆதரவு விலை, சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய்.

மகன் செயலியிடம் கேட்பதைத் தடுக்க வேண்டாம். எந்தக் கணக்கெடுப்பு, எந்த ஆண்டு, எந்தப் பகுதி, எந்தச் செலவைக் கழித்தது என்று அடுத்தடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வராத எண்ணை ஒதுக்கிவிடலாம். குத்தகைக்கு, கடந்த இரண்டு மூன்று பட்டங்களின் சொந்த வரவு செலவை நோட்டில் எழுதுங்கள். வீட்டு ஆட்களின் வேலைக்கும் ஊர்க் கூலியைப் போடுங்கள். மிஞ்சுவது கேட்கும் குத்தகையைவிடக் குறைவாக இருந்தால், தொகையைக் குறைத்துப் பேசுங்கள், குறையாவிட்டால் விட்டுவிடுங்கள். நோட்டை உங்கள் பகுதி உழவர் உதவியகத்திலும் ஒருமுறை காட்டினால், விட்டுப்போன செலவு எதுவும் இருந்தால் அங்கே எடுத்துச் சொல்வார்கள்.