ஒரு தேக்கரண்டி இடம்

2024 ஜூன் 10 நினைவிருக்கிறதா? தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய நாள். தகுதியுள்ள லோரிகளுக்கு ஃப்ளீட் கார்டு, மீனவர்களுக்குத் தனி விலை என்று அரசு வழி செய்தது. ஆனாலும் அதற்குப் பிறகு எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒரே பேச்சுதான்: இருக்கிற இன்ஜினிலிருந்து இன்னும் கொஞ்சம் இழுவை எடுப்பது எப்படி, எண்ணெயை மிச்சம் பிடிப்பது எப்படி?

அந்தப் பேச்சு போன வாரம் என் நிகழ்ச்சிக்கும் வந்துவிட்டது. பாட்டு கேட்டு வரும் குரல் பதிவுகளுக்கு நடுவே பீடோங் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி. அப்பா ஓட்டிய லோரியை இப்போது அவர் ஓட்டுகிறார். தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் வேலை. "அக்கா, இன்ஜினப் பிரிச்சாச்சு. என்னுது டர்போ. பொத்தோங் கடையில அதே கம்பெனி, அதே சைஸ், டர்போ இல்லாத இன்ஜினோட பிஸ்டன் செட்டு மலிவா இருக்கு. அதப் போட்டா கம்ப்ரெஷன் ஏறும், மேட்டுல நல்லா இழுக்கும்னு சொல்றாங்க. போடலாமா?"

நான் படித்தது ஊடகத்துறை. பிஸ்டனைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஆள் வேண்டும். தஞ்சோங் டாவாயில் அப்படி ஓர் அங்கிள் இருக்கிறார். தோட்டத்து லோரிகளைப் பல ஆண்டுகள் பழுது பார்த்தவர். இப்போது மெர்போக் ஆற்று முகத்துவாரத்தில் படகு இன்ஜின்களைப் பார்க்கிறார். கருவாடு வாங்க அங்கே போகிறவர்களுக்குத் தெரிந்திருக்காது, கரையில் நிற்கும் படகுகள் பலவற்றின் வயிற்றுக்குள் இருப்பது லோரி இன்ஜின்தான். கியர் பெட்டியையும் குளிரூட்டும் முறையையும் மாற்றினால் ரோட்டில் ஓடியது கடலில் ஓடும்.

கேள்வியைச் சொன்னதும் அங்கிள் ஒரு தேக்கரண்டியை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல எவ்வளவு பிடிக்கும்மா?"

"அஞ்சு மில்லி."

"அவ்வளவுதான் விஷயம்."

கணக்கு இதுதான். ஆறு லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின் என்றால் ஒரு சிலிண்டருக்கு 1,000 சிசி. கம்ப்ரெஷன் 17-க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் வெறும் 62.5 சிசி. அதில் ஒரு தேக்கரண்டி இடத்தைப் பிஸ்டன் எடுத்துக்கொண்டால் மிச்சம் 57.5. கம்ப்ரெஷன் 18.4 ஆகிவிடும். பிஸ்டன் தலையில் உள்ள குழி கொஞ்சம் ஆழம் குறைந்தாலே போதும். கண்ணால் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

இந்த வித்தை புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் ஜிஎம்சி லோரி ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதில் இருந்தது 270 கன அங்குலப் பெட்ரோல் இன்ஜின். அதே குடும்பத்தில் 248 கன அங்குலத்தில் ஒரு தம்பியும் உண்டு. போர் முடிந்ததும் அமெரிக்க இளைஞர்கள் இந்த இன்ஜின்களைப் பந்தய வண்டிகளில் பூட்டி, ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் போட்டுப் பார்த்தார்கள். தம்பியின் ஸ்ட்ரோக் அண்ணனைவிட ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர் குறைவு. கனெக்டிங் ராடும் பிளாக்கும் ஒரே அளவாக இருந்தால், குறைந்த ஸ்ட்ரோக் பிஸ்டனில் பின்னிலிருந்து தலைவரை உள்ள உயரம் அந்த வித்தியாசத்தில் பாதி கூடுதலாக இருக்க வேண்டும். அதை அண்ணன் இன்ஜினில் போட்டால் தலை 2.4 மில்லிமீட்டர் மேலே ஏறும், கம்ப்ரெஷனும் ஏறும்.

நம் நாட்டிலும் இந்தத் துணிச்சல் இருந்தது. காட்டு மரம் இழுத்த 'சான் தாய் வோங்' லோரிகளைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். பழைய ராணுவ லோரிகளைப் பிரித்து, கிடைத்த இன்ஜினைப் போட்டு, நம் பட்டறைகளிலேயே கட்டிய வண்டிகள். அந்தக் கைவேலையை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அங்கிள் ஒரு வித்தியாசத்தைக் காட்டினார். அந்தக் காலத்துப் பெட்ரோல் இன்ஜினின் கம்ப்ரெஷன் ஏழைக்கூடத் தொடாது, ஏற இடம் இருந்தது. காகிதக் கணக்கில் 7-லிருந்து 8-க்கு ஏற்றினால் இன்ஜினின் திறன் நான்கு விழுக்காட்டுக்கு மேல் கூடும். டீசலில் 17-லிருந்து 18.4-க்கு ஏற்றினால் கூடுவது ஒன்றரை விழுக்காடுதான். ஏணியில் ஏற்கெனவே மேல்படியில் நிற்கிறவனுக்கு இன்னொரு படியால் கிடைப்பது கொஞ்சம், விழுந்தால் அடி பெரிது.

டர்போ இன்ஜினில் அந்த அடி எப்படி விழும்? டர்போ காற்றை முன்கூட்டியே அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அதனால்தான் பல டர்போ இன்ஜின்களில் கம்ப்ரெஷனைக் கம்பெனியே சற்றுக் குறைத்து வைக்கிறது. அதில் கம்ப்ரெஷன் கூடிய பிஸ்டனைப் போட்டால் சிலிண்டருக்குள் அழுத்தம் அளவுக்கு மீறும். முதலில் ஹெட் கேஸ்கெட் போகலாம், பிறகு பேரிங். டர்போ பிஸ்டனின் மேல் ரிங் பள்ளத்தில் பல வேளைகளில் கடினமான இரும்பு வளையம் பதித்திருப்பார்கள். பின் அடியிலிருந்து ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாடும் இருக்கும். டர்போ இல்லாத பிஸ்டனில் இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். குலை ஏற்றி மேட்டில் முக்கும்போது அது வெடிக்கும், அல்லது உருகும்.

"குழியோட வடிவத்த யாரும் பாக்கறதில்லம்மா," என்றார். இன்ஜெக்டர் டீசலைத் தெளிக்கும் கோணத்துக்கு ஏற்றபடிதான் அந்தக் குழியை வார்க்கிறார்கள். தெளிப்பு குழிக்கு வெளியே விழுந்தால் சரியாக எரியாது. எண்ணெய் மிச்சமாவது இருக்கட்டும், கரும்புகைதான் வரும். புகைச் சோதனையில் வண்டி நின்றுவிட்டால் அந்த நாட்களின் வாடகையும் போச்சு.

"அப்போ மாத்தவே கூடாதா அங்கிள்?"

"யாரு சொன்னா? கணக்கோட மாத்து." டர்போ பழுதான இன்ஜினைப் படகுக்கு எடுக்கும்போது, டர்போவைக் கழற்றிவிட்டு, டர்போ இல்லாத மாடலின் பிஸ்டனையே போட்டிருக்கிறாராம். கூடவே அந்த மாடலின் இன்ஜெக்டர், பம்ப் அளவு எல்லாம் சேர்த்து. பிஸ்டனை மட்டும் தனியாகப் போட்டதில்லை. ரோட்டில் இன்ஜின் நின்றால் ஓரம் கட்டலாம். முகத்துவாரத்தில் நீர் வற்றும் நேரத்தில் நின்றால் படகில் இருக்கிற நாலு பேர் உயிர் அதில் இருக்கிறது. அந்தப் பயம்தான் தன்னை ஒழுங்காக அளக்க வைத்தது என்றார்.

அவர் சொன்ன முறையை இங்கே எழுதிவிடுகிறேன். பிஸ்டன் வாங்கும் முன் அதன் பார்ட் நம்பரை இன்ஜின் நம்பரோடு பொருத்திக் கேளுங்கள், "அதே சைஸ்" என்ற வாய்ச்சொல் போதாது. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து பின் விட்டம், பின்னிலிருந்து தலைவரை உயரம், குழி வடிவம், ரிங் பள்ளம், எடை ஆகிய ஐந்தையும் பாருங்கள். எல்லாப் பிஸ்டனும் ஒரே எடையில் இருக்க வேண்டும். பூட்டிய பிறகு, பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு தலைகாட்டுகிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து, அதற்கேற்ற தடிப்பில் ஹெட் கேஸ்கெட் போடச் சொல்லுங்கள். அளக்காமல் பூட்டினால் வால்வில் இடிக்கக்கூடும்.

இன்னொன்று, இழுவை குறைந்தால் உடனே பிஸ்டன்மேல் சந்தேகப்படாதீர்கள். அடைத்த ஏர் ஃபில்டர், கிழிந்த டர்போ ஹோஸ், தேய்ந்த இன்ஜெக்டர், காற்றில்லாத டயர் — இவற்றைச் சரிசெய்ய இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

பீடோங் தம்பிக்குப் பதிலை அன்றே அனுப்பிவிட்டேன்: வேண்டாம், உன் இன்ஜினுக்கு உரிய டர்போ பிஸ்டனையே போடு, விலை கூடினாலும். லோரி ஓடும் குடும்பங்களில் அந்த இன்ஜின்தான் மாதத் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, வீட்டு அரிசி எல்லாம். அண்ணன் ஓட்டுகிறார், அப்பா பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், பட்டறைக்குப் போகிறவரிடம் வீட்டில் இருப்பவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அளந்து பார்த்தாங்களா?"