தவறணையும் தோட்டமும்: ஏகபோகத்தின் இரு வாயில்கள்

தோட்டத் தொழிலாளியின் வறுமைக்குக் காரணம் கூற முற்படுவோர், சிறிது நேரத்திலேயே அவனது குடிப்பழக்கத்தில் வந்து நிற்பர். புளத்கொகுபிட்டியவில் இறப்பர்ப் பால் வெட்டுபவன் மாலையில் தவறணைக்குச் செல்வதை அவர்கள் காண்கின்றனர். அத்தவறணைக்குச் சாராயம் அனுப்புவோர் யார், அவர்களுக்குத் தோட்டங்களும் உண்டா என்று வினவுவதில்லை. ஒழுக்க போதனை இங்கு உடைமை பற்றிய ஆராய்ச்சியை மறைக்கும் திரையாகவே பயன்பட்டு வருகின்றது.

மதுத்தொழில் சிலர் கையில் குவிவதற்குப் பிரித்தானியாவே எடுத்துக்காட்டு. அங்கு ஊர்தோறும் இருந்த பியர் வடிசாலைகள் ஒன்றையொன்று விழுங்கி, 1960களிலும் அதனையடுத்தும் பாஸ், அலைட், விட்பிரெட், வாட்னி, கரேஜ், ஸ்கொட்டிஷ் அன்ட் நியூகாசில் என்னும் ஆறு பெருநிறுவனங்களாகத் திரண்டன. இணைப்பின் உட்பொருள் வடிசாலையில் இல்லை. அதனோடு பிணைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மதுக்கடைகளிலேயே இருந்தது. கடை ஆலைக்குரியதாயின், குடிப்பவன் எதைக் குடிப்பதென்பதை ஆலையே தீர்மானிக்கும். இதனை எதிர்த்து 1971இல் நுகர்வோர் இயக்கமொன்று தோன்றிற்று. 1989இல் 2,000 கடைகளுக்கு மேல் வைத்திருந்த வடிசாலைகள் மீது அரசு கட்டுப்பாடு விதித்தது. வடிசாலைகள் கடைகளைக் கைவிட்டன. அவற்றை வாங்கிய புதிய கம்பனிகளோ அதே பிணைப்பை வேறு வடிவிற் தொடர்ந்தன. ஆங்கிலேயர் தம் பியரின் சுவை கெட்டதென்று சங்கம் அமைத்தனர். புளத்கொகுபிட்டிய லயங்களிற் சுவைக்காகச் சங்கம் அமைப்பார் எவருமிலர். அங்கு கெடுவது நாட்சம்பளம்.

இலங்கையில் இக்கதை இன்னும் நெருக்கமானது. ஏனெனில் இங்கு மதுவோடு பிணைக்கப்பட்டது நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயக் குத்தகை எடுத்தோரே பெரும்பொருள் ஈட்டிப் பின்னர்த் தோட்டச் சொந்தக்காரராயினர் என்பதைக் குமாரி ஜயவர்தன தமது ஆய்வுகளில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். நுவரெலியாவில் 1881 முதல் தன் வரலாற்றைக் கூறிக்கொள்ளும் சிலோன் புரூவரி, காலப்போக்கிற் கார்சன் கம்பர்பட்ச் குழுமத்தின் வசமாயிற்று. அக்குழுமமோ தோட்ட முகவர் தொழிலில் வளர்ந்து, மலாயா இறப்பர்க் கம்பனிகளையும் நிர்வகித்த ஒன்று. அதன் லயன் புரூவரி, பியகமவில் எழுந்த பேராலையோடு நாட்டின் பியர்ச் சந்தையில் முதலிடம் பெற்றது. எதிரே நின்ற மெக்கலம் வடிசாலையைக் கார்கில்ஸ் 2011இல் வாங்கி மில்லர்ஸ் எனப் பெயரிட்டது. 2014இல் அந்த மில்லர்ஸையும் லயன் வாங்கிக்கொண்டது. மூன்றே ஆண்டுகளில் ஒரு போட்டியாளர் இருமுறை கைமாறி மறைந்தார்.

சாராயத்தின் நிலை இதனினும் தெளிவானது. 1992ஆம் ஆண்டு இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் இரட்டை ஆண்டு எனலாம். அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் அவ்வாண்டிலேயே கையளிக்கப்பட்டது. அரச வடிசாலைக் கம்பனி தனியாருக்கு விற்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. பின்னர் இவ்விரு கயிறுகளும் முறுக்கேறின. வடிசாலைக் கம்பனியை உள்ளடக்கிய மெல்ஸ்டாகோர்ப் குழுமத்தின் கீழ் பலாங்கொடைப் பெருந்தோட்டக் கம்பனியும் மடுல்சீமைப் பெருந்தோட்டக் கம்பனியும் வந்தன. பலாங்கொடை எங்கோ தொலைவிலுள்ள ஊரன்று. புளத்கொகுபிட்டியவைப் போலச் சப்ரகமுவ மாகாணத்தைச் சேர்ந்தது. அத்தகைய தோட்டமொன்றில் ஒருவன் பெறும் பேர்ச்சம்பளம் குழுமத்தின் ஒரு வாயிலால் வெளியேறுகின்றது. அவன் வாங்கும் போத்தலின் விலை மறு வாயிலால் உட்புகுகின்றது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என 2021இல் வர்த்தமானி வெளியானபோது, அதனை எதிர்த்துப் பெருந்தோட்டக் கம்பனிகள் ஒன்றுதிரண்டு நீதிமன்றம் சென்றன. சாராயத்தின் விலை உயருங்கால் தொழிலாளி செல்லத்தக்க நீதிமன்றம் யாதோ?

இணைப்பினால் உற்பத்தி திறனடையும், செலவு குறையும் என்பது வணிகத்துறை விரிவுரைகளில் அடிக்கடி கேட்கும் வாதம். 2016 மே மாதம் அவ்வாதத்தைச் சோதித்தது. கடும் மழையிற் களனி கங்கை பெருக, பியகம ஆலை வெள்ளத்துள் மூழ்கிப் பல மாதங்கள் செயலிழந்தது. ஓர் ஆலை நின்றதும் நாட்டின் பியரே பெரிதும் நின்றது. அந்நிறுவனம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய நேர்ந்தது. உற்பத்தி முழுவதையும் ஒரே ஆற்றங்கரையிற் குவித்துவிட்டு அதற்குத் திறன் எனப் பெயர் சூட்டுவது பொருளியலன்று.

அதே மழையே, களனி கங்கைக்கு நீர் வழங்கும் புளத்கொகுபிட்டியப் பகுதியின் களுப்பஹனத் தோட்டத்தில் மண்ணைச் சரியச் செய்து லயன் அறைகளைப் புதைத்தது; பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் மண்ணுள் அடங்கின. நதியின் மேற்புறத்து அழிவும் கீழ்ப்புறத்து அழிவும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தவை. கீழ்ப்புறத்து ஆலை எவருடையது என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை; அது திருத்தப்பட்டு மீண்டும் இயங்கலாயிற்று. மேற்புறத்து லயங்களின் கதை வேறு. நிலம் அரசினுடையது, 53 ஆண்டுக் குத்தகை கம்பனிகளுடையது. கூரை ஒழுகினும் மலை சரியினும், பொறுப்பு எவருடையது என்ற கேள்வியை அரசு கம்பனியிடமும் கம்பனி அரசிடமும் தள்ளிவிடுகின்றன. அக்குத்தகை முடிவடைய 2045 ஆகும்.