மாவட்ட அலுவலகங்களில் மாணவருக்கு இடம் வேண்டும்

ஏப்ரல் பிறந்தால் ஆசிரியர் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் அந்த அழைப்பு வந்துவிடும். "தெரிஞ்ச பையன், ஜர்னலிசம் படிக்கிறான், ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் போட முடியுமா?" நாமும் சேர்த்துக்கொள்கிறோம். யாரையும் தெரியாத மாணவியின் விண்ணப்பமோ பொது மின்னஞ்சலில் திறக்கப்படாமலே கிடக்கிறது.

இதற்கு மாற்று வழியைத் தமிழ் இதழியல் எப்போதோ கண்டுவிட்டது. எஸ். பாலசுப்ரமணியன் ஆசிரியராக இருந்த காலத்தில், 1980களில், விகடன் இதழ் தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் திட்டம் வெளிப்படையாக விண்ணப்பம் கேட்டு, தேர்வு வைத்து ஆள் எடுத்தது. சிபாரிசுக்கு ஆளில்லாத ஊர்ப் பிள்ளைகள், கல்லூரியில் படித்துக்கொண்டே நிருபர்களானார்கள். பின்னாளில் பல செய்தி நிறுவனங்களில் பொறுப்புக்கு வந்தவர்களும் அவர்களில் உண்டு.

படிக்கும் ஊரிலேயே பயிற்சி என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி மேன்ஷனில் வாடகை கொடுத்து, சம்பளமில்லாமல் இரண்டு மாதம் இருக்க எத்தனை வீடுகளால் முடியும்? மதுரை, திருச்சி, கோவை, நெல்லையில் பதிப்பு வைத்திருப்பவர்கள் அங்கேயே மாணவரைச் சேர்க்கலாம்.

அப்படிச் சேர்ந்தவரைக் கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு அனுப்புங்கள். திரும்பி வரும் மாணவர் பெரும்பாலும் "ஆட்சியர் தலைமையில் நடைபெற்றது" என்றுதான் தொடங்குவார். ஒரே பட்டாவுக்காக மூன்றாவது முறை மனுவோடு வந்த மூதாட்டி ஐந்தாவது பத்தியில் இருப்பார். அவரை முதல் பத்திக்குக் கொண்டுவரும் வேலையை மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்ய வேண்டும். பழைய மனுக்களின் ரசீது எண்ணைக் குறித்தாயா, தாலுகா அலுவலகத்தில் விசாரித்தாயா என்று கேட்க வேண்டும். அந்த அரைமணி நேரம்தான் பயிற்சி. பத்திரிகைக் குறிப்புகளைத் தட்டச்சு செய்யவிட்டு, கடைசி நாளில் சான்றிதழ் நீட்டுவது அந்தப் பிள்ளையின் கோடை விடுமுறையைத் திருடுவதாகும்.

இதைப் படிக்கும் இதழியல் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விண்ணப்பத்தோடு மதிப்பெண் பட்டியலை மட்டும் அனுப்பாதீர்கள். மே 1 அன்று ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. அதில் உட்கார்ந்து மாணவர் எழுதிய 300 சொல் செய்தி ஒன்றையும் இணையுங்கள். அதைப் படித்தாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

பத்திரிகை ஆசிரியர்களே, இந்த மாதமே பயிற்சிக்கான அறிவிப்பை உங்கள் பக்கத்தில் வெளியிடுங்கள். எத்தனை இடம், எந்த ஊர், யாரிடம் பயிற்சி என்பதை அதில் எழுதுங்கள். பஸ் கட்டணமும் மதியச் சாப்பாட்டுச் செலவும் அலுவலகம் தரட்டும். அச்சேறும் செய்தியில் மாணவரின் பெயர் இருக்கட்டும்.