புல்லட் மூச்சு விடும் இடம்

1950-களில் சென்னையில் தயாராகத் தொடங்கிய புல்லட், இரணியல் பக்கம் இன்றும் ஓடுகிறது. பழைய வண்டி வாங்கும் பிள்ளைகள் முதல் வேலையாக ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வாயிலேயே சின்னக் கூம்பு ஃபில்டர் மாட்டுகிறார்கள். சிலர் அதுகூட மாட்டுவதில்லை. சத்தம் கூடும், அதை இழுவை என்று நினைக்கிறார்கள்.

காற்றுக்குத் தடை குறைவதால், ஜெட்டை மாற்றாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் கொதிக்கும். பக்கத்தில் இருக்கும் அந்தச் சூட்டுக் காற்றையே கார்புரேட்டர் உறிஞ்சும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு; இழுவையும் குறையும்.

நமக்கோ ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். மணவாளக்குறிச்சி கடற்கரைப் பக்கம் போனால் மணல். கார்னெட், சிர்க்கான் கலந்த கடினமான மணல் அது; உள்ளே போனால் சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஃபில்டரைச் சுத்தமாக வைத்தாலே போதும்.