முதியோருக்கு நுரையீரல் புற்றுநோய் அறுவை சிகிச்சை: வயது மட்டுமே தடையா?

“வயது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது, இனி அறுவை சிகிச்சை தேவைதானா?” நோயாளியின் குடும்பத்தினர் எழுப்பும் இக்கேள்விக்கு வயதை மட்டும் கொண்டு விடை கூற இயலாது.

மாறியுள்ளது என்ன?

வலது நுரையீரலில் மூன்று மடல்களும் இடது நுரையீரலில் இரண்டு மடல்களும் உள்ளன. கட்டியுள்ள மடலை முழுவதும் அகற்றுவதே நெடுங்காலம் நிலையான முறையாக இருந்தது. 2022-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு இதனை மறுபரிசீலனை செய்ய வைத்தது. 2 செ.மீ.க்கு மேற்படாத, நுரையீரலின் வெளிப்புறத்தில் அமைந்த கட்டியுடைய 1,106 பேர் இதில் பங்கேற்றனர். ஐந்தாண்டுகளுக்குப் பின், மடலின் ஒரு கூறு மட்டும் அகற்றப்பட்டோரில் 94.3 விழுக்காட்டினரும், முழு மடல் அகற்றப்பட்டோரில் 91.1 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். கூறு நீக்கத்தில் நோய் அருகிலேயே மீண்டும் தோன்றுவது மிகுதியாக இருந்தபோதிலும், பிற காரணங்களால் நேர்ந்த இறப்புகள் குறைவாக இருந்தன. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வும் சிறிய கட்டிகளுக்குப் பகுதி நீக்கம் பின்தங்கியதன்று எனக் காட்டியது.

எனினும் இவ்வாய்வுகளில் பங்கேற்றோர் முழு மடல் நீக்கத்தைத் தாங்கும் உடல்நிலை உடையவர்கள். தளர்ந்த முதியோருக்கு இம்முடிவுகளை அப்படியே பொருத்தலாகாது.

முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது?

நோயின் நிலை, நுரையீரல் செயல்திறன், இதய நலம், ஆறு நிமிட நடைத்திறன், ஊட்டச்சத்து, நினைவாற்றல், அன்றாடப் பணிகளைத் தாமே செய்துகொள்ளும் திறன் ஆகியவை மதிப்பிடப்படும். அறுவை சிகிச்சையைத் தாங்க இயலாத தொடக்கநிலை நோயாளிகளுக்குக் கட்டியை மட்டும் துல்லியமாகக் குறிவைக்கும் கதிர்வீச்சு சிகிச்சை உண்டு. எனவே அறுவை சிகிச்சை இல்லை என்பது சிகிச்சையே இல்லை என்று பொருளாகாது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• புகைப்பழக்கத்தை உடனே நிறுத்த உதவுங்கள்.
• மூச்சுப் பயிற்சி, நடைப்பயிற்சி, புரதம் நிறைந்த உணவு ஆகியவற்றை மருத்துவர் அறிவுரைப்படி தொடங்குங்கள்.
• இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உள்ளிட்ட அனைத்து மருந்துகளையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம்.
• “எந்த அளவு அகற்றப்படும்? பின்னர் அவரால் தனியே நடமாட இயலுமா? மாற்று வழி என்ன?” எனக் கேளுங்கள்.

நோயின் பெயரை முதியவரிடம் மறைப்பது அன்பின் வெளிப்பாடாகத் தோன்றலாம். ஆயினும், எஞ்சிய வாழ்வை எவ்வாறு வாழ விரும்புகிறார் என்பதை அவரால் மட்டுமே கூற இயலும். அவரையும் அமரவைத்தே முடிவெடுங்கள்.